ஒரே எடையில், ஒரே இடத்தில்: ரைபிள் ட்ரிகரின் தன்மையும் பராமரிப்பும்

ரைபிள் சுடுகிறவர்கள் கூடும் எந்த இடத்திலும் ஒரு புகார் தவறாமல் எழும்: ட்ரிகர் கடினமாக இருக்கிறது. இந்த ஒற்றைப் புகாருக்குள் குறைந்தது மூன்று வேறு குறைகள் கலந்து கிடக்கின்றன. ட்ரிகரை விடுவிக்க அதிக எடை தேவைப்படுவது ஒன்று. எடை அளவாக இருந்தும், விடுபடுவதற்கு முன் ட்ரிகர் நீண்ட தூரம் நகர்ந்துகொண்டே போவது இன்னொன்று. எடையும் தூரமும் சரியாக இருந்தும், வழியில் நறநறவென்று தடங்கித் தடங்கி நகர்வது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆனால் பெரும்பாலானோர் மூன்றையும் எடையின் கணக்கில் எழுதிவிட்டு, இலேசாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள்.

ராணுவங்களும் வேட்டைக்காரர்களும் போட்டி வீரர்களும் தயாரிப்பாளர்களும், கடைசியில் நீதிமன்றங்களும்கூட, இந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. நல்ல ட்ரிகருக்கு முதல் அடையாளம் இலேசு இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே எடையில், ஒரே இடத்தில் அது விட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த சாதாரண ட்ரிகர்களில் பெரும்பாலானவை இதற்குத் தகுதியானவையே. அவற்றைக் கெடுப்பவை அழுக்கு, இறுகிய எண்ணெய், அசையும் மரக்கட்டை, ஆர்வத்தில் எடுத்த அரம். ஆகவே பராமரிப்பின் பெரும்பகுதி துடைப்பதும் அளப்பதும் கவனிப்பதும்தான்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். போல்ட் ரைபிளில், போல்ட்டை இயக்கும்போது ஃபயரிங் பின்னைச் சுற்றியிருக்கும் வலுவான ஸ்பிரிங் சுருங்குகிறது. அது முன்னால் பாய்ந்துவிடாமல், ஃபயரிங் பின்னின் பின்முனையில் உள்ள காக்கிங் பீஸை ஒரு சிறிய எஃகு விளிம்பு தடுத்து நிற்கிறது. அதுதான் சியர். சியரை அந்த வழியிலிருந்து விலக்குவது, அல்லது சியரைத் தாங்கி நிற்கும் துண்டை விலக்குவது, ட்ரிகரின் முழு வேலையும் இவ்வளவே. விரலுக்குத் தெரியும் எடை, அழுத்தி நிற்கும் ஸ்பிரிங்கின் வலு, உரசும் இரு முகங்களின் வழவழப்பு, அவை சந்திக்கும் கோணம், ட்ரிகரின் நெம்புகோல் நீளம் எல்லாம் சேர்ந்து உண்டாவது. விரலுக்குத் தெரியும் நகர்வு, இரு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு ஆழம் ஏறி நிற்கின்றன என்பதிலிருந்து வருவது.

இந்த ஆழத்தில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. ஆழம் அதிகமாக இருந்தால் ரைபிள் கீழே விழுந்தாலும் சியர் நழுவாது. ஆனால் ட்ரிகர் நெடுந்தூரம் இழுபடும். ஆழம் குறைந்தால் கண்ணாடி முறிவதுபோல் சட்டென்று விடும். ஆனால் ஒரு தட்டுக்கே நழுவக்கூடும். நவீன வேட்டை ரைபிள் பலவற்றில் இந்த ஆழம் அரை மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கிறது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு துளி காய்ந்த எண்ணெயோ, ஒரு வெடிமருந்துத் துகளோ போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம். அமெரிக்காவில் அது பல்லாயிரம் பக்க வழக்கு ஆவணங்களாக ஆனது.

ஆழமும் வேண்டும், துல்லியமும் வேண்டும் என்ற முரணுக்கு ராணுவங்கள் கண்ட விடை இரண்டு கட்ட ட்ரிகர். ஜெர்மனியின் மவுசர் 98 ரைபிளில் அதைத் தெளிவாகக் காணலாம். ட்ரிகரின் மேல்பகுதியில் இரண்டு திமில்கள் உண்டு. இழுக்கத் தொடங்கியதும் முதல் திமில், போல்ட் இயங்கும் உலோக உடலான ரிசீவரின் அடிப்பகுதியில் முட்டி, சியரைப் பெரும்பகுதி கீழே இறக்கிவிடுகிறது. இந்த இழுப்பு நீளமானது, இலேசானது. பிறகு இரண்டாவது திமில் முட்டுகிறது. நெம்புகோலின் கணக்கு மாறி, விரலுக்கு ஒரு சுவர் தட்டுப்படுகிறது. அந்தச் சுவரில் விரலை நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடுகிறது. முகாமில் எறிந்தாலும் பதுங்குகுழியில் விழுந்தாலும் சியர் முழு ஆழத்தோடு பிடித்திருக்கும். சிப்பாய் குறி பார்க்கும் சில நொடிகள் மட்டும் அந்த ஆழம் குறைந்திருக்கும். விரலை எடுத்தால் மறுபடி முழு ஆழத்துக்குத் திரும்பிவிடும். திருகு இல்லை, சரிசெய்யும் வசதி இல்லை, உடையக்கூடிய சிறு பாகங்கள் இல்லை. ராணுவத் தேவைக்கு இதைவிட நேர்மையான வடிவமைப்பை நான் அறியேன்.

பிரிட்டனின் லீ என்ஃபீல்டும் இதே கொள்கையில் இயங்குவதுதான். அங்கே ட்ரிகரின் தலையில் உள்ள இரு முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சியரை அழுத்துகின்றன. முதல் இழுப்புக்கு ஏறத்தாழ 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவதற்கு 5 முதல் 6 பவுண்டு என்பது படைக்கல ஆர்மரர்கள் பின்பற்றிய அளவு. ஆனால் இந்த ரைபிளின் பழைய வடிவங்களில் ஒரு பலவீனம் இருந்தது. அது நம் நாட்டோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

.303 என்று இந்தியக் காவல்துறைகளும் என்.சி.சி. மாணவர்களும் தலைமுறை தலைமுறையாக அறிந்த நம்பர் 1 மார்க் 3 வகையில் சியர் இருப்பது ரிசீவரில். ட்ரிகர் தொங்குவது ட்ரிகர் கார்டில். இரண்டுக்கும் நடுவே இருப்பது மரம். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். கார்டு மேலே ஏறினால் ட்ரிகரும் சியரை நெருங்கும். முதல் இழுப்பு பாதியாகக் குறையும், சில ரைபிள்களில் காணாமலே போகும். கார்டு கீழே இறங்கினால் முதல் இழுப்பு நீளும், சுவர் மங்கும். முன்பக்கக் கார்டு திருகைச் சுற்றி ஒரு சிறு எஃகு வளையம் வைத்திருந்தார்கள், மரத்தை அளவுக்கு மேல் நசுக்காமல் இடைவெளியைக் காப்பதற்காக. சுத்தம் செய்கிறேன் என்று கழற்றியவர்கள் அந்த வளையத்தைத் தொலைத்துவிட்டு, திருகை முடிந்தமட்டும் முறுக்கிவிட்டால், ட்ரிகரின் குணமே மாறிவிடும். இஷாப்பூர் தொழிற்சாலை 1960-களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 ரைபிள்களும் இதே நம்பர் 1 வடிவத்தின் வாரிசுகள்தான். இந்தக் குணம் அவற்றுக்கும் உண்டு.

பிரிட்டிஷ்காரர்கள் குறையை உணர்ந்து, 1940-களின் இறுதியில் வந்த நம்பர் 4 மார்க் 2 ரைபிளில் ட்ரிகரைக் கார்டிலிருந்து எடுத்து ரிசீவரிலேயே தொங்கவிட்டார்கள். பழைய நம்பர் 4 ரைபிள்களையும் அதேபோல் மாற்றி, மார்க் 1/2, மார்க் 1/3 என்று பெயரிட்டார்கள். மரம் அசைந்தாலும் ட்ரிகர் அசையாது. ஆக, பழைய நம்பர் 1 ரைபிளை வைத்திருக்கும் சுடுதளம் எதுவானாலும், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அதன் இரண்டு இழுப்புகளையும் அளந்து குறித்துவைப்பது நல்லது. ட்ரிகர் திடீரென்று மோசமாகிவிட்டதே என்று வரும் புகார்களில் சில, அரம் தேவைப்படாத, மரம் செய்த வேலையாக இருக்கும்.

வேட்டைக்காரர்களின் தேவை வேறு. அவர்கள் கையில் ரைபிள் பதுங்குகுழியில் புரள்வதில்லை. ஒரே ஒரு குண்டு, அது சரியான இடத்தில் பட வேண்டும். அவர்களுக்காக வளர்ந்தது ஒற்றைக் கட்ட ட்ரிகர். விரல் வைத்ததும் சுவர், சுவரை அழுத்தினால் விடுதலை. 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-இன் பழைய ட்ரிகர் இவ்வகையில் பெரும் மதிப்புப் பெற்றது. பாகங்கள் குறைவு, எல்லாமே வெளியே தெரியும்படி திறந்தவை. தூசி உள்ளே போனாலும் தங்க இடமில்லை. சேறு படிந்தால் கழுவிவிடலாம். அதைவிட மிருதுவாக விடும் ட்ரிகர்கள் பல வந்துவிட்டன. ஆனால் பராமரிக்க அதைவிட எளிதானது வந்ததாக நான் நினைக்கவில்லை.

அந்த மிருதுவான வகையில் மிகப் புகழ்பெற்றதும் மிகக் கசப்பான வரலாறு கொண்டதும் ரெமிங்டனின் வாக்கர் ட்ரிகர். மைக் வாக்கர் என்று அழைக்கப்பட்ட பொறியாளர் மெர்ல் வாக்கர் வடிவமைத்த இது, 1948-இல் மாடல் 721, 722 ரைபிள்களோடு வந்து, 1962-இல் மாடல் 700-இல் தொடர்ந்தது. ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிய இந்த அமைப்பில், ட்ரிகரின் முன்முகத்தில் ‘கனெக்டர்’ என்ற தனித் தகடு ஒன்று உண்டு. சியரைத் தாங்குவது அந்தத் தகடுதான். அது ட்ரிகரோடு பிணைக்கப்படவில்லை. ஸ்பிரிங் அழுத்தத்தில் அதன்மேல் சாய்ந்து நிற்கிறது, ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை சற்றே விலகித் திரும்புகிறது. விடும் தருணம் அற்புதமாகத் துல்லியம். துல்லியச் சுடுநர்கள் பலர் இதைத் தேடி வாங்கியதில் நியாயம் இருந்தது.

ஆனால் விலகித் திரும்பும் அந்த இடைவெளியில் ஒரு துகளோ, பிசுபிசுத்த எண்ணெயோ, ஒரு துளி உறைந்த ஈரமோ சிக்கினால் தகடு முழுமையாகத் திரும்பாது. சியரைத் தாங்கும் விளிம்பு மயிரிழை அளவுக்குக் குறையும். அந்நிலையில் சேஃப்டியை விடுவித்தாலோ, போல்ட்டைத் தொட்டாலோ ரைபிள் வெடிக்கக்கூடும், விரல் ட்ரிகரில் இல்லாமலே. பல பத்தாண்டுகள் நடந்த வழக்குகளில் வாதிகள் முன்வைத்த விளக்கம் இது. 1946-இலேயே, விற்பனைக்கு வரும் முன்பே, பாதுகாப்பற்ற நிலை ஒன்று ஏற்படக்கூடும் என்று வாக்கரே நிறுவனத்துக்குள் எழுதியிருந்தார். பின்னர் அவர் யோசனை சொன்ன மாற்றத்துக்கு ரைபிள் ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் கூடுதலாகும் என்று கணக்கிடப்பட்டது, அது செய்யப்படவில்லை. 2000-இல் மான்டானா மாநிலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தில், தாய் ரைபிளிலிருந்து தோட்டாக்களை அகற்றச் சேஃப்டியை நகர்த்தியபோது வெடித்து 9 வயது மகன் இறந்தான். நிறுவனம் தன் வடிவமைப்பில் குறையில்லை என்றே தொடர்ந்து வாதிட்டது. பராமரிப்பின்மை, தவறான மாற்றங்கள், கையாளுதல் ஆகியவற்றையே காரணமாகச் சொன்னது. 2017-இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, தவறை ஒப்புக்கொள்ளாமல், ஏறத்தாழ 75 லட்சம் ரைபிள்களுக்கு ட்ரிகரை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. மாற்றக் கேட்டு வந்தவர்கள் அதில் மிகச் சிறு பகுதியினரே.

வாக்கருக்குப் பதிலாக 2006 முதல் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகரில் அந்தத் தனித் தகடு இல்லை. ஆனால் 2014-இல் அதையும் திரும்ப அழைக்க நேர்ந்தது. காரணம், தொழிற்சாலையில் பூட்டும்போது அளவுக்கு மேல் இட்ட பசை. வடிவமைப்பு மாறியது, அரை மில்லிமீட்டர் இடத்தின் இரக்கமின்மை மாறவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து இரு தரப்பும் தத்தம் பாடத்தை எடுத்துக்கொண்டன. வடிவமைப்பே குற்றவாளி என்பது ஒன்று. அழுக்கும் கைவைத்தவர்களும் குற்றவாளிகள் என்பது மற்றொன்று. என் தீர்ப்பைக் கேட்டால், அழுக்கு சேரும் என்று தெரிந்த கருவியில் அழுக்கைப் பொறுக்காத அமைப்பை வைப்பது வடிவமைப்பின் குற்றம்தான். ஆனால் அப்படியொரு ட்ரிகர் கையில் இருக்கும்போது அதில் எண்ணெயைப் பீய்ச்சி அலமாரியில் வைப்பவரும் அதே விபத்துக்கு வழி திறக்கிறார். ரைபிள் வைத்திருப்பவர் தன் ட்ரிகர் எந்த வகை, திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் உண்டா என்று அறிந்திருப்பதுதான் பராமரிப்பின் முதல் படி. வழக்குப் பேச்சில் இந்த எளிய கடமை அடிக்கடி மறைந்துவிடுகிறது.

எம்16, ஏஆர்-15 குடும்பத்தில் கதை வேறு திசையில் போகிறது. இங்கே ஃபயரிங் பின்னைச் சியர் நேரடியாகப் பிடிப்பதில்லை. வலுவான ஸ்பிரிங் கொண்ட ஹேமர் ஒன்று சுழன்று அடிக்கிறது, ட்ரிகரின் மூக்கு அந்த ஹேமரின் கொக்கியைப் பிடித்து நிற்கிறது. கொக்கி ஆழமானது. ராணுவ அளவில் வரும் சாதாரண ட்ரிகர் கனமாகவும், சற்று நீளமாகவும், புதிதாக இருக்கும்போது கரகரப்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். கரகரப்பில் ஒரு பங்கு, துருவைத் தடுக்கப் பூசிய பாஸ்பேட் பூச்சினுடையது. சில நூறு முறை இயக்கினாலே உரசும் இடங்களில் அது தேய்ந்து வழவழப்பாகிவிடும். அதற்குள் பொறுமையிழந்து மெருகுக்கல்லை எடுப்பவர்கள் அதன் அடியில் இருக்கும் கடினப்படுத்திய மேற்பரப்பையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். அந்தக் கடினப்பரப்பு மெல்லியது. அதைத் தாண்டினால் மிருதுவான எஃகு. முதல் நாள் ட்ரிகர் வெண்ணெயாக இருக்கும். பிறகு விளிம்பு உருண்டு, ஹேமர் நழுவத் தொடங்கும், ஒரே அழுத்தலில் இரண்டு குண்டு பாயும் ஆபத்து வரும்.

1980-களில் வந்த எம்16ஏ2 ரைபிளில் தொடர்ச்சியாக மூன்று குண்டு சுடும் அமைப்பைச் சேர்த்தார்கள். அதற்காக ஹேமரோடு இணைந்த பற்சக்கரம் போன்ற ஒரு துண்டு ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு படி நகரும். எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கேற்ப ட்ரிகரின் எடை மாறும், ஒற்றைக் குண்டு நிலையில் சுடும்போதும்கூட. பயிற்சி பெற்ற சிப்பாய்க்கு அடுத்த இழுப்பு எந்த எடையில் விடும் என்று தெரியாது. கனமான ட்ரிகருக்குப் பழகிவிடலாம். மாறிக்கொண்டே இருக்கும் ட்ரிகருக்குப் பழக வழியே இல்லை. அமெரிக்க ராணுவம் பின்னர், இதே மூன்று குண்டு அமைப்பு கொண்ட தன் எம்4 கார்பைன்களை அது இல்லாத எம்4ஏ1 வடிவத்துக்கு மாற்றியபோது சொன்ன காரணங்களில், ட்ரிகர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இயங்கும் என்பதும் ஒன்று. கோடிக்கணக்கில் செலவிட்டு ஓர் அரசு வந்து சேர்ந்த இந்த முடிவு, இலேசைத் தேடி அலையும் ஒவ்வொரு தனிமனிதருக்கும் பொருந்தும்.

அப்படியானால் எவ்வளவு எடை சரி? போட்டி விதிகள் ஒரு நல்ல அளவுகோலைத் தருகின்றன. பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைபிளுக்குக் குறைந்தது 1,500 கிராம் இழுப்பு எடை வேண்டும் என்கிறது. அமெரிக்க சர்வீஸ் ரைபிள் போட்டிகளில் 4.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2 கிலோ. 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு மட்டும் கீழ்வரம்பே கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்ற உலகத் தர வீரர்கள் சுடும் அந்தப் போட்டியில் 100 கிராமுக்கும் குறைவான ட்ரிகர்கள் சகஜம். ஆனால் அந்த ரைபிள் கட்டுப்பாடான அரங்கில், சுடுகோட்டில் நின்றபடி, இலக்கை நோக்கிய பிறகே ஒற்றைக் குண்டு ஏற்றப்படுவது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக் காட்டிலோ மேட்டிலோ நடந்து திரியும் ரைபிளுக்குப் பொருத்துவது உயிரோடு விளையாடுவது.

எடைக்கு இயற்பியல் சார்ந்த ஒரு வரம்பும் உண்டு. லீ என்ஃபீல்டின் எடை ஏறத்தாழ 4 கிலோ. ட்ரிகரும் 3 கிலோவை நெருங்கினால், விரல் அழுத்தும் வலு ரைபிளையே நகர்த்தப் போதுமானது. இங்கேதான் இலேசு கேட்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. 3 கிலோ ட்ரிகரோடு தரையில் படுத்துச் சுடலாம், தோள்வாரை இறுக்கிச் சுடலாம். நின்று சுடும்போது அது குறியைப் பறித்துவிடும். சாதாரண வேட்டை ரைபிளுக்கு 1.3 முதல் 2 கிலோ வரை என்பது என் கணிப்பில் நியாயமான எல்லை. சாவேஜ் நிறுவனம் 2003 வாக்கில் கொண்டுவந்த அக்யூட்ரிகர் இந்தத் தேவையை அழகாகக் கையாண்டது. ட்ரிகரின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு. விரல் அதை முதலில் அழுத்தினாலன்றிச் சியர் விடுபடாது. அதிர்ச்சியில் சியர் நழுவினாலும் அந்த நாக்கு தடுத்து நிறுத்திவிடும். இந்தக் காவல் இருப்பதால், உரிமையாளரே தரப்பட்ட கருவியால் எடையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் துணிந்து அனுமதித்தது. அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் தத்தம் தொழிற்சாலை ட்ரிகர்களைத் திருத்தத் தொடங்கின.

தொடு உணர்வுக்கு வருவோம். ட்ரிகரைக் குறை சொல்வதற்கு முன் விரலைப் பார்க்க வேண்டும். விரலின் முதல் கணுவுக்கு மேலுள்ள சதைப்பகுதி ட்ரிகரில் படிந்து, நேர் பின்னோக்கி அழுத்த வேண்டும். கணுவில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுப்பவர்களுக்கு எந்த ட்ரிகரும் கரகரப்பாகத்தான் தோன்றும். ட்ரிகர் தன் பின்னின்மேல் சாய்ந்து உரசுகிறது என்பதே காரணம். இதை அறியக் காலி இயக்கமே சிறந்த வழி. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, ரைபிளின் தோட்டா அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் இருமுறை சோதித்துவிட்டு, பாதுகாப்பான திசையில் குறிவைத்து இழுத்துப் பார்க்கலாம். குழலின் முனையருகே ஒரு நாணயத்தை வைத்து, விடும்போது அது விழாமல் பார்ப்பது பழைய பயிற்சி, இன்றும் பயனுள்ளது. மைய அடிப்பு கொண்ட நவீன போல்ட் ரைபிள்கள் காலி இயக்கத்தைத் தாங்கும். .22 ரிம்ஃபயர் அப்படியில்லை; தோட்டா இல்லாதபோது ஃபயரிங் பின் அறையின் விளிம்பையே அடித்துப் பள்ளமாக்கும். கையேடு அனுமதித்தாலன்றி, போலித் தோட்டா இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. என்.சி.சி. போன்ற இடங்களில் பல கைகள் மாறும் .22 ரைபிள்களுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை.

எடையை விரலால் ஊகிக்காதீர்கள். ஸ்பிரிங் தராசு போன்ற ட்ரிகர் அளவி கிடைக்கிறது. அது இல்லையென்றால், போட்டிகளில் செய்வதுபோல், காலி ரைபிளின் குழலைச் செங்குத்தாக மேல்நோக்கி நிறுத்தி, தெரிந்த எடையைக் கொக்கியில் தொங்கவிட்டு ட்ரிகரால் தூக்கிப் பார்க்கலாம். பலமுறை அளந்து எழுதிவையுங்கள். சராசரியைவிட முக்கியமானது அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம். 1.9, 1.9, 2.0 என்று வரும் ட்ரிகர் ஆரோக்கியமானது. 1.4, 2.1, 1.6 என்று துள்ளினால், சராசரி எவ்வளவு இனிமையாக இருந்தாலும், உள்ளே ஏதோ சரியில்லை.

பெரும்பாலும் அந்த ஏதோ என்பது எண்ணெய். துருவுக்குப் பயந்து, குறிப்பாக நம்முடைய கடற்கரை ஈரத்தில், எண்ணெயைத் தாராளமாக விடுகிறோம். திறந்த வகை ட்ரிகர் அதைப் பொறுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் அடங்கிய வகை பொறுக்காது. எண்ணெய் தூசியையும் கரியையும் பிடித்து வைத்து, நாளடைவில் பழுப்பு நிறக் கோந்தாக இறுகும். எல்லா வேலைக்கும் கையில் எடுக்கும் டபிள்யூடி-40 போன்ற தெளிப்புகள் காய்ந்தால் மெல்லிய படலம் விட்டுப்போகும். அவை ட்ரிகர் பெட்டிக்கு ஆகாது. குளிரில் நிலைமை இன்னும் மோசம்: 1941–42 குளிர்காலத்தில் ரஷ்யப் போர்முனையில் ஜெர்மன் படைகளின் ஆயுதங்கள் எண்ணெய் உறைந்து இயங்காமல் போயின. ட்ரிகர் தயாரிப்பாளர்கள் பலர், உள்ளே எண்ணெயே வேண்டாம், சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தால் கழுவி உலரவிடுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். அத்திரவம் அழுக்கைக் கரைத்துக்கொண்டு வெளியேறி, படிவு ஏதும் விடாமல் ஆவியாகிறது. நெருப்பிலிருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஏஆர் வகை இதற்கு விலக்கு. அதன் பின்களுக்கும் கொக்கிக்கும் ஒவ்வொரு துளி எண்ணெய் நல்லது.

எண்ணெய் ஒன்றும் ட்ரிகரைத் தேடிப் போவதில்லை, நாம்தான் அனுப்பிவைக்கிறோம். குழலைச் சுத்தம் செய்யும்போது கம்பியோடு உள்ளே போகும் கரைப்பான் அறையின் பின்புறமாக வழிந்து, நேராக ட்ரிகர் பெட்டிக்குள் இறங்குகிறது. கம்பியை நேராக நடத்தும் வழிகாட்டிக் குழாயைப் பொருத்திக்கொண்டு, குழல் முனை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி ரைபிளைக் கிடத்திச் சுத்தம் செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. சுத்தம் செய்த ரைபிளை அன்று இரவு குழல்முனை கீழாக வைத்தால் மீதிக் கரைப்பானும் முன்பக்கமே வடியும்.

கட்டையிலிருந்து ரைபிளைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும், ட்ரிகரோ சேஃப்டி நெம்புகோலோ மரத்தில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பளபளப்பான கோடு தெரிந்தால் உரசுகிறது என்று பொருள். மரத்தைத்தான் சிறிது செதுக்க வேண்டும். திருகுகளை இருந்த இறுக்கத்துக்கே திரும்ப இறுக்க வேண்டும்.

பூட்டிய பின் சோதனை. ரைபிள் காலி என்பதை மறுபடி உறுதி செய்துவிட்டு, போல்ட்டை வேகமாக அடித்து மூட வேண்டும். ஃபயரிங் பின் விழக்கூடாது. சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை நன்றாக இழுத்துவிட்டு, விரலை எடுத்த பிறகு சேஃப்டியை விடுவிக்க வேண்டும், அப்போதும் விழக்கூடாது. வாக்கர் வகைக் கோளாறு வெளிப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சோதனையில்தான் என்பதால் இதை அவசரப்படாமல் பலமுறை செய்ய வேண்டும். பட் பகுதியை ரப்பர் விரிப்பில் மிதமாகத் தட்டியும் பார்க்கலாம்.

இவற்றில் ஒன்று தவறினாலும் உங்கள் வேலை அங்கே முடிந்தது. ஸ்பிரிங்கை வெட்டுவது, சியரின் கோணத்தை மாற்றுவது, தொழிற்சாலை அரக்கு வைத்து மூடிய திருகுகளைத் திருப்புவது எல்லாம் ஆர்மரரின் பணி. அவரிடம் அதற்கான உருப்பெருக்கியும் அளவிகளும் இருக்கும். இந்தியாவில் இது சட்டத்தின் தேவையும்கூட. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கிகளைத் தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. உரிமம் உள்ள கடையில் ரைபிளைக் கொடுக்கும்போது நீங்கள் எழுதிவைத்த எடைக் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த நாள் முதல் இழுப்பு மாறியது, அதற்கு முன் மழையா, சுத்தம் செய்தீர்களா, கட்டையைக் கழற்றினீர்களா என்பது தெரிந்தால் ஆர்மரர் எங்கே தேட வேண்டும் என்று உடனே அறிவார். ரைபிள் திரும்பி வந்ததும் இதே சோதனைகளை நீங்களும் ஒருமுறை செய்துவிட்டு, புதிய எடையைப் பழைய எண்ணின் கீழே எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை அதில் தோட்டா ஏறக்கூடாது.